வந்த வழி

ஜங்ஷனில் சைக்கிள் உதிரிக்கடை மாடியில்
எங்கள் உதவி மையம்.
ஒரு மேசை, நாலு நாற்காலி,
அதில் ஒன்றுக்குக் கால் மூன்று.
வியாழனும் சனியும் நான் இருப்பேன்,
மற்ற நாளெல்லாம் பீடிக் கம்பெனியில் கணக்கு.

செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு வருவார்கள்.
வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.
ஜுகல் நாயக் மட்டும் கையில் தூக்கிக்கொண்டு ஏறுவார்,
முக்கூடல் சூளையில் ஒரு சோடி களவு போனதிலிருந்து.
அவர் ஒடியாவில் சொல்ல, நான் தமிழில் கேட்க,
நடுவே கொஞ்சம் இந்தி,
அது இரண்டு பேருக்குமே இரவல்.
மூன்று மாதக் கூலி பாக்கி.
சூளை முதலாளியிடம் போனில்
"அண்ணாச்சி" என்று ஆரம்பித்து
"லேபர் ஆபீஸ்" என்று முடித்தேன்.
பாதி வந்தது.

இந்தச் சீமையில் ஊருக்கு ஊர் சமுத்திரம்.
அம்பாசமுத்திரம், ரவணசமுத்திரம், கோபாலசமுத்திரம்.
ஒன்றிலும் அலை கிடையாது, நெல்தான்.
நிஜச் சமுத்திரத்தைப் படகில் தாண்டி
இப்படி ஒரு சமுத்திரத்து முகாமில்
வந்து சேர்ந்தவள் யோகமலர்.
மகள் தர்மினியைக் கூட்டி வந்தாள்,
கல்லூரி உதவித்தொகைக்கு.

விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம்:
நாட்டிற்குள் வந்த தேதி.
"நான் இங்கதானே பிறந்தேன்" என்றாள் பிள்ளை.
தெரியும். ஆனாலும் கட்டம் காலியாக இருந்தால்
மனு திரும்பி வரும்.
அப்போ எழுதுங்க என்று
பிறந்த தேதியைச் சொன்னாள்,
அதிகாலை நாலு பத்து என்று நேரத்தையும்.
அடுத்த கட்டம்: வந்த வழி.
"ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. ஆபரேஷன்."
யோகமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
கீழே கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு
நானும் சிரித்தேன்.
பிறகு அந்தக் கட்டத்தில்
"பொருந்தாது" என்று எழுதினேன்.
அவளைப் பற்றி நான் எழுதிய முதல் வார்த்தை அது.
பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது.

மனு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம்.

பஸ்ஸில் அவள் தோழிகளோடு
"என்னட்டி, சும்மா கெட" என்பாள்.
அம்மாவிடம் போன் என்றால்
அதே மூச்சில் "ஓம் அம்மா, வாறன்."
இடையில் எந்தச் செக்போஸ்டும் இல்லை.

மார்கழி பிறந்த கையோடு மழை.
மீனாட்சிபுரத்தில் என் வீட்டுக்குள்
ஆறு கதவைத் தட்டாமல் வந்தது.
பிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது.
நானும் அவரும் பையனும்
கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்து
பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கரையேறினோம்.
என் கையில் எதற்கோ டிவி ரிமோட் இருந்தது.

வாசலில் பெஞ்சு போட்டு, நோட்டு வைத்து
தர்மினி.
முகாம்காரர்கள் டிராக்டரில்
ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்திருந்தார்கள்.
"அக்கா, எத்தனை பேர் வந்தனீங்கள்?"
அவசரத்தில் வீட்டுப்பேச்சு வந்துவிட்டது அவளுக்கு.
மூணு பேர் என்றேன்.
"நிரந்தர முகவரி?"

எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் இதை,
தலையைக்கூட நிமிர்த்தாமல்.
வாயைத் திறந்தேன். தெருப்பெயர் வரவில்லை.
கதவு எண் வந்தது, கதவு மிதந்ததும் கூடவே வந்தது.

"அது கிடக்கட்டும் அக்கா.
முதல்ல சாப்பிடுங்கோ."

சம்பலில் உறைப்பு அதிகம்.
கண்ணீருக்கு அதைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.
ஒன்பது வருடமாக அந்த மேசையில் இருக்கிறேன்,
முதலில் சாப்பிடு என்று யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது மாடியில் ஒரு பிளாஸ்க் இருக்கிறது,
ஒரு டப்பா நிறைய ரஸ்க்.
மூன்றுகால் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.
ஜுகலுக்குச் சீனி தூக்கல்.
குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு
விரலை மடக்கிக் காட்டுகிறார்.
மீதிக் கூலி இன்னும் வரவில்லை.